ஐந்தாவது தீர்மானம்

குலசாமிக்கு நேர்ந்து வைத்த பெயர், பேச்சித்தாய்.
நாலு வயது வரை 'ம்' என்றுகூட வரவில்லை.
அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் சிரித்தவர்களை எல்லாம்
பீடி லேபிளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
அப்புறம் கிழித்துப் போட்டேன்.
பாதியை.

அவளுக்கு நானே வாய்.
வீரவநல்லூர் பள்ளிக்கூடத்தில்,
சேரன்மகாதேவி வள மையத்தில்,
திங்கட்கிழமை தவறாமல் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில்.
"எல்லாம் விளங்கும் சார் எம்பிள்ளைக்கு,
வாக்குத்தான் பையப் பைய வரும்."
பீடிக் கடையில் ஆயிரத்துக்கு நூறு கழிப்பார்கள்.
இங்கே ஆயிரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு
அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

சாய்தளம் கேட்டேன். கட்டினார்கள்,
உச்சியில் ஒரு படியை விட்டுவிட்டு.
அந்த ஒற்றைப் படிக்கு இதுவரை நாலு மனு.
சிறப்பு டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் வருவார்கள்,
வேறு கூட்டம் இல்லையென்றால்.
மற்ற நாளெல்லாம் வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு
கடைசி பெஞ்சில் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.
அதற்கும் ஒரு மனு.

போன மாசம் வள மையத்தில்
பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்த குழு ஒன்று அமைத்தார்கள்.
தலைவர் யார் என்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
நானும் முந்தியைச் சரிசெய்துகொண்டேன், பொய் சொல்வானேன்.
பத்தமடை மைதீன் பாத்துவின் மகன் செய்யது,
காது கேளாத பையன்,
எழுந்து விரல் நீட்டினான்:
என்னைத் தாண்டி, அவளை.

"பாப்பா என்ன சொல்லுது?"
அதிகாரி கேட்டது என்னிடம்.
பாப்பாவுக்குப் பதினேழு.
வாயைத் திறந்தேன்.
சேலையைப் பிடித்து ஓர் இழு.

அந்த நேரத்தில் ஏழு பீடி சுற்றலாம்.
ஃபேன் ஓடிற்று. யாரோ இருமினார்கள்.
கழுத்து நரம்பு புடைக்க, தோள் ஒரு பக்கம் ஏற,
எட்டாவது பீடிக்கு இலை வெட்டுகிற நேரத்தில்
"எழுத... ஆள் வேண்டாம்.
நேரம்... தாங்க."

பரீட்சையைப் பற்றித்தான் சொன்னாள்.
எனக்கு வேறு மாதிரியும் கேட்டது.

தலைவரானதும் தீர்மானங்களை அவளே
ஒற்றை விரலால் செல்போனில் தட்டினாள்.
படி. கழிப்பறைச் சாவி. சைகை தெரிந்த டீச்சர்.
பரீட்சைக்குக் கூடுதல் நேரம்.
ஐந்தாவதை செய்யது தன் அம்மாவிடம் காட்ட
பாத்து விழுந்து விழுந்து சிரித்தாள்:
'எங்களிடம் கேட்டதற்கு நாங்களே பதில் சொல்வோம்.
அதுவரை அம்மாமார் பொறுக்கணும்.'

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எத்தனை வராந்தா, எத்தனை வெயில்,
எத்தனை ஜெராக்ஸ், எத்தனை 'சார்'.
இந்த வாய் இல்லையென்றால்
அந்த அறையில் அவளுக்கு நாற்காலி ஏது?
கையெழுத்துப் போட்டேன், ஆதரவு என்ற பக்கத்தில்தான்.
பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.
அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல நேரமாகும் என்றுகூட இருக்கலாம்.

திரும்பும்போது பாபநாசம் வண்டி.
காசில்லாச் சீட்டுத்தான், ஆனாலும் ஊர் கேட்பார்கள்.
"பாப்பா எங்க இறங்கணும்?"
கண்டக்டர் கேட்டதும் என்னிடம்தான்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கன்னடியன் கால்வாயில் எருமைகள் கிடந்தன.
"சீக்கிரம்ளா" என்றது பின்னால் ஒரு குரல்.
"வீ" என்று தொடங்கினாள்.
கிழிக்காத சீட்டில் விரலை வைத்தபடி அவர் நின்றார்.
முழு ஊரும் என் பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது.

நான் எருமைகளை எண்ணினேன்.
நாலு.
அஞ்சு.
"ர"
ஆறு.