நகர்ந்த பூஜ்யம்

ஏரியை விட்டு மேலேறும் சாலையில்
மூன்றாவது வளைவில்தான் தொடங்கும்.
ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த
தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகள்.
காலை எடுத்தால் ஓய்ந்துவிடும்,
கூண்டில் ஏறியதும் வாய்மூடும் சாட்சிபோல.

அறுபத்துநாலாம் வருடத்துப் பான்டியாக்.
டாலர்னாவின் பாதிக் கொட்டகைகளுக்குள் நுழையாது.
என் கொட்டகையிலும் வால் வெளியேதான்.
ஜூன் மாதம், இரவு பதினொரு மணி.
சூரியன் பிர்ச் மரங்களுக்குப் பின்னால்
போகலாமா வேண்டாமா என்று நிற்கிறது.
டைமிங் விளக்கின் மின்னல் கண்ணுக்குத் தெரிய
பானெட்டின் மேல் போர்வை போர்த்தி
உள்ளே நான், என்னோடு கொசுக்கள்.

ஸ்டூரேதான் கெடுத்தான் என்றேன், போன கோடையில்.
என் தங்கை கெர்டின் கணவன்.
டைமிங் வைத்துத் தருகிறேன் என்று வந்தவன்.
ஒரு காபி, இரண்டு ஏலக்காய் பன், முக்கால் மணி நேரம்.
"ஆறு டிகிரி. புத்தகத்தில் உள்ளபடி"
என்று கைதுடைத்துப் போனான்.
மறுநாளே கோலிக்குண்டுகள்.
உனக்குக் கண் போதவில்லை என்றேன்.
உனக்குக் காது அதிகம் என்றான்.
கிறிஸ்துமஸுக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

தொண்ணூற்றைந்தை விட்டுத்
தொண்ணூற்றெட்டு பெட்ரோல் ஊற்றினேன்.
பர்ஸ் இளைத்தது, சத்தம் இளைக்கவில்லை.
எட்டு பிளக்கையும் கழற்றினால்
வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி.
கார்பன் என்றார் பெட்ரோல் பங்க்காரர்.
வால்வு என்றார் பாதிரியார்,
அவரிடமும் ஒரு பழைய சாப் இருக்கிறது.

பொறிக்கு ஒரு நேரம் உண்டு.
பிஸ்டன் உச்சியைத் தொடச் சற்று முன்பு
கிளம்ப வேண்டும்; பற்றிப் பரவ
தீக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டுமே.
முந்திரிக்கொட்டையாய் முந்திக்கொண்டால்
ஏறிவரும் பிஸ்டனின் தலையில் இறங்கும்.
ஓரத்தில் ஒதுங்கிய மிச்சக் கலவை
யாரும் கொளுத்தாமல் தானே வெடிக்கும்.

இன்றும் மின்னலில் பார்க்கிறேன்:
சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாய்
கோடு ஆறிலேயே நிற்கிறது.

பிறகுதான் வளையத்தைப் பார்த்தேன்.
கிராங்க் நுனியில் அதிர்வு தாங்கும் சக்கரம்.
உள்ளே இரும்பு, வெளியே இரும்பு, நடுவே ரப்பர்,
வெடித்து, ஓரிடத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு.
கோடு வெட்டியிருப்பதோ
வெளிவளையத்தில்.

பழைய பிளக் ஒன்றின் வயிற்றைக் காலிசெய்து
போல்ட் ஒன்றைச் செருகி
முதல் சிலிண்டரில் முடுக்கினேன்.
நீள ரென்ச்சால் என்ஜினைக் கையால் சுற்ற
இந்தப் பக்கம் முட்டியது, ஒரு சாக்பீஸ் கோடு.
அந்தப் பக்கம் முட்டியது, இன்னொன்று.
இரண்டுக்கும் நட்டநடுவில்தான் உண்மையான உச்சி.
தையல் டேப்பால் அளந்தேன்.
மூன்று முறை அளந்தேன்.
பூஜ்யம் அங்கே இல்லை.
பதின்மூன்று டிகிரி தள்ளி
நெடுநாள் குடியிருப்பவர்போல் உட்கார்ந்திருந்தது.

ஸ்டூரே ஆறுதான் வைத்தான்.
அது பத்தொன்பதாய் எரிந்தது.

நகப்பூச்சால் புதுக்கோடு இழுத்தேன்,
வேறு எதற்கும் நான் பூசாத சிவப்பு.
டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி
ஒரு நகக்கண் அளவு திருப்பினேன்.

இரவு ஒரு மணி. மூன்றாவது வளைவு.
காலை அடிவரை அழுத்தினேன்.
டயருக்கடியில் சரளை.
எங்கோ ஒரு நாரை.
வேறொன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே
மேட்டின் உச்சியில் அவன் வீட்டைத் தாண்டப் போனேன்.

வாசலில் நின்றிருந்தான்,
உள்ளாடையும் ரப்பர் பூட்ஸுமாக.
"என்ன சோல்வே, கோலியெல்லாம்
வழியில் கொட்டிவிட்டதா?"
"பூஜ்யம் நகர்ந்திருந்தது" என்றேன்.
மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்து
அங்கேயே நின்றது.

அவன் நம்பவில்லை.
டார்ச்சைத் தேடி உள்ளே போனபடி
பானெட்டைத் திற என்றான்.