வலது மரை

ஒன்பதுக்கு ஆறு. இரட்டைக் கதவு. கதவுக்கொரு மயில்.
எட்டாயிரம் அட்வான்ஸ் தந்த சோணைமுத்து
லோன் நின்றுபோனதும் இந்தப் பக்கம் வரவேயில்லை.
கொண்டை, கழுத்து, கால் வரைக்கும் வளைத்துவிட்டேன்.
தோகைக்குக் கம்பி வாங்கவில்லை.
பழங்காநத்தத்தில் என் பட்டறைச் சுவரோரம்
சாய்ந்து நின்றன
இரண்டு மொட்டை மயில்கள்.

விதை வந்தது ஆனியில்,
விசாலாட்சிபுரத்திலிருந்து பழுதுக்கு வந்த
பழைய ஜன்னல் கிரில்லில்.
கிரைண்டர் வைக்குமுன் துடைத்தேன்.
காய்ந்த கொடி நொறுங்கிக் கையில் உதிர்ந்தன
மிளகைவிட ஒல்லியாய், கறுப்பாய், ஏழெட்டு.
"காசிரத்தினம்ல இது" என்றாள்
டீ கொண்டுவந்த பாக்கியத்தாய்.
"தோல் கெட்டி. ராத்திரி தண்ணியில போட்டு வைய்யி."

பெயின்ட் டப்பா. அடியில் ஆணியால் ஐந்து துளை.
எம்-சாண்டும் எருவும் பாதிப்பாதி.
முளைத்தது நாலு.

ஜெயிலானிக்குப் பொறுமை கிடையாது.
தளிரைப் பிடித்துக் கதவில் சுற்றிவிட்டான்.
மறுநாள் காலை அது
தன்னை அவிழ்த்துக்கொண்டு காற்றில் நின்றது.
மறுபடி சுற்றினான். மறுபடி அவிழ்த்தது.
மூன்றாம் நாள் அதுவாக ஏறியது, எதிர்ப்பக்கமாக.
ஒரு போல்ட்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன்.
அதே சுற்று.
முப்பது வருசமாய் முடுக்குகிறேன்,
இந்த மரையை
எங்கே பார்த்துப் போட்டார்கள் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

அதன்பிறகு பற்றவைக்கும்போதெல்லாம்
குறுக்கே ஒரு தகரம் நிறுத்தினோம்.
சூட்டுக்கம்பி முக்கிய தண்ணீர் ஆகாது, துரு.
லாரித் தண்ணீரில் காலை ஒரு சொம்பு,
சாயங்காலம் மண் காய்ந்திருந்தால் இன்னொன்று.

புரட்டாசியில் மயிலை மூடி
சீப்புச் சீப்பாய் இலை.
ஐப்பசியில் சிவப்பு.
விடியும்போது ஐந்து முனையாய் விரிந்து
உச்சி வெயிலுக்குள் சுருண்டுகொள்ளும்.
பொறி பார்த்தே அவிந்த கண் எனக்கு.
கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தேன்சிட்டு வந்ததை ஜெயிலானி போனில் எடுத்தான்.
படத்தில் சிட்டு இல்லை.

தையில் வந்தார் சோணைமுத்து, பணத்தோடு.
கொடி மஞ்சளித்திருந்தது.
"அறுத்துப் போட்டுட்டு ஏத்துங்கண்ணே."
"பதினஞ்சு நாள் குடுங்க."
"எதுக்கு?"
"தோகை வேலை பாக்கி."
பொய்யில்லை.
கம்பியும் வளைய வேண்டும், காயும் முற்ற வேண்டும்.

மாசியில் லோடு ஆட்டோவில் போனது கதவு.
ரெட் ஆக்சைடு வாசனையோடு, முழுத் தோகையோடு.
வெல்டிங் ராடு வந்த அட்டைப்பெட்டியில்
விதை, ஒரு கைப்பிடி.
அடிச்சட்டக் குழாயின் வாயை
அடைக்க மறந்தது
இரவுதான் ஞாபகம் வந்தது.

ஆடியில் நாகமலையிலிருந்து போன்.
"கதவடியில என்னமோ முளைச்சு ஏறுதுண்ணே.
களையா? பிடுங்கிரவா?"
இரண்டாயிரம் இன்னும் பாக்கி அவரிடம்.
அதைக் கேட்கவில்லை.
"எந்தப் பக்கமாச் சுத்துது, பாத்துச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
குனிந்திருப்பார்.