குளிர்காலம் வந்த விதம்

புக்கிட் பாத்தோக்கில்
கார் நிறுத்தும் கட்டடத்தின் உச்சியில்
என் பெயருக்கு ஒதுக்கிய நாலடி மண்.
அதில் ஒரு திராட்சைக் கொடி.
ஆறு வருடமாக இலை, இலை, இலை.
பூ ஒன்றுகூட இல்லை.

"தூக்கம் போதாது இதற்கு" என்றார்
பக்கத்துப் பாத்திக்காரர் கூன் ஹுவாட்.
குளிரில் உதிர்ந்து
படுத்து எழுந்தால்தான் காய்க்குமாம்.
இங்கே ஏது குளிர்காலம்?
பன்னிரண்டு மாதமும் ஒரே பகல், ஒரே வியர்வை.

எனக்கும்தான் போதாது.
ரயில்கள் உறங்கும் மூன்று மணி நேரத்தில்
தண்டவாளத்துத் திருகுகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை.
வீடு திரும்ப ஐந்தேகால்.
படுக்குமுன் மேலே போய்க்
கொடிக்கு ஒரு வாளி தண்ணீர்.

அப்படித்தான் ஒரு விடிகாலை
நெற்றி விளக்கில் பார்த்தேன்:
இலைக்கு ஏழெட்டு வண்டுகள்.
புளியங்கொட்டை நிறம், அதைவிடச் சற்றே சிறியவை.
ஒன்றன் முதுகில் ஒன்றேறிக்
கலவியும் சாப்பாடும் ஒரே நேரத்தில்.
வெளிச்சம் பட்டதும்
பொத்தென்று விழுந்து செத்ததுபோல் கிடந்தன.
நடிப்பு. அவ்வளவும் நடிப்பு.

மைலோ டப்பாவில் சோப்புத் தண்ணீர்.
முதல் நாள் நாற்பத்தொன்று.
மறுநாள் முப்பத்தாறு.
மூன்றாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
பகலெல்லாம் மண்ணுக்குள் கிடந்து
நான் சீருடை மாட்டும் நேரத்தில் கிளம்புகின்றன.
எங்களுக்கு ஒரே ஷிப்ட்.

பத்தொன்பது நாள்.
இலையெல்லாம் நரம்பு,
நரம்புக்கு நடுவே வானம்.
பிறகு நரம்பும் காய்ந்து உதிர்ந்தது.
"பிடுங்கிவிடேன், பண்டான் வைக்கலாம்" என்றாள் மாஸ்னா.
பிடுங்கியிருப்பேன்.
அந்த வாரம் இரட்டை வேலை.

மொட்டைக் கணுவில் பச்சையாய் ஒரு புள்ளி.
சில நாளில் தளிரோடு சேர்ந்து
கடுகைக் கொத்தாய் ஒட்டியதுபோல் ஏதோ.
கூன் ஹுவாட் கண்ணாடியைக் கழற்றினார்,
மாட்டினார், மறுபடி கழற்றினார்.
பூ.

குளிர்காலம் இந்தத் தீவுக்கு
ஆறு காலில் நடந்து வந்திருக்கிறது.

காய்த்தது ஒரே கொத்து, பதினேழு பழம்.
மூன்று மைனாவுக்குப் போனது.
மற்றதெல்லாம் வாய் கோணும் புளிப்பு.
கூன் ஹுவாட் விதையையும் மென்று விழுங்கினார்.

நேற்று மழை விட்ட இருட்டில்
வண்டுகள் மறுபடி வந்தன.
டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.
நன்றி வேறு, சோப்புத் தண்ணீர் வேறு.

ஒரு கிளைப் பக்கம் மட்டும்
விளக்கைத் திருப்பவில்லை.
கழுத்து வலி என்று
கூன் ஹுவாட்டிடம் சொல்லிவைத்தேன்.