மீராசா மாலிமிக்கு ஏழு நிமிடம்

மண்ணடியில் ஒரு கயிற்றுக்கடைக்கு மேலே
வாடகை அறை.
கீழே நங்கூரச் சங்கிலியைக்
கிலோ கணக்கில் நிறுத்து விற்கிறார்கள்.
மேலே நாங்கள் நாலு பேர்
ஆறு வாரமாக
ஒரு மனிதனைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

டிரம்ஸ் வாசிக்கும் ஏகநாதன்தான் பிடித்துவந்தான் அவனை.
கும்பினி காலத்துக் கணக்கேட்டில்
செல்லரித்த ஒற்றை வரி:
மீராசா மாலிமி, அச்சைக்குப் போனது,
நாற்பது கட்டு நீலத்துணி,
வந்து சேரவில்லை.
அவ்வளவுதான் வரலாறு.
மிச்சமெல்லாம் எங்கள் பொய்.

துறைமுகம் இல்லாத சென்னப்பட்டணம் போட்டோம்.
ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு,
அதற்குத் தோதாய் எலெக்ட்ரிக் கித்தாரில் ஓர் இழுவை.
கொள்ளைக்காரர் இருவரைப் போட்டு
ஒருவரை எடுத்தோம், தாளம் இடித்தது.
கொண்டல் அடிக்கக்
கிழக்கே பாய்விரித்தான் என்று எழுதினேன்.
கொக்கி வாங்க வந்த காசிமேட்டுக்காரன்,
என் வயதுதான் இருக்கும்,
படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்:
"கொண்டல் கெழக்கேர்ந்து வர்ற காத்து பாஸ்.
உங்காளு திரும்ப வூட்டாண்டதான் வந்து நிப்பான்."
கச்சான் என்று மாற்றினோம்.
அசைகூடப் பிசகவில்லை.
மொத்தக் கப்பலும் திரும்பிக்கொண்டது.

பகலில் எனக்குச் சுங்க முகவர் அலுவலகம்.
கப்பல் என்றால் படிவம், முத்திரை, மூன்று நகல்,
மதியம் இரண்டு மணிக்குள்.
ஒன்பது வருடத்தில் ஒன்றில்கூடக் கால்வைத்ததில்லை.
பழவேற்காட்டு ஏரியில் ஒருமுறை படகேறித்
தயிர்சாதம் முழுவதையும் மீனுக்குக் கொடுத்தேன்.
இந்த வயிற்றோடுதான் எழுதினேன்
அலையே என் பாய், அலையே என் போர்வையென்று.

மூன்றாம் சரணத்தில் அவன் மனைவி
விளக்கோடு கரையில் நின்றாள்.
ஸபுரா தாளைப் படித்தாள், நாலாய் மடித்தாள்,
ஆடிக்கொண்டிருந்த மைக் ஸ்டாண்டின் காலுக்கடியில் செருகினாள்.
"நிக்கிற பொம்பளைய நான் பாட மாட்டேன்.
நாப்பது கட்டுத் துணிக்குக் கடன் குடுத்தவன் இருப்பான்ல?
அவன் நிக்கட்டும் கரையில."
நின்றான்.
வட்டியை விரல்விட்டு எண்ணியபடி
கடலைப் பார்த்து அவன் அழும் சரணம்தான்
பாட்டிலேயே உருப்படியானது.

ராயபுரத்தில் ஒரு சமூகக்கூடம், ஞாயிறு.
அறுபத்திரண்டு பேர்,
அதில் பதினோரு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஐந்தாம் நிமிடம், புயல் வரவேண்டிய இடத்தில்
மின்சாரம் போயிற்று.
என் கையில் பேஸ் கித்தார் வெறும் கட்டை.
ஏகநாதன் மட்டும் நிறுத்தவில்லை,
குச்சியைப் போட்டுவிட்டுக் கையால் தட்டினான்.
ஸபுரா மைக்கைத் தாண்டி முன்னால் வந்தாள்.
அவன் திரும்பி வருவதாக
நாங்கள் முடித்துவைத்த சரணத்தை
அவள் பாடவில்லை.

"அச்சை" என்றாள்.
காத்திருந்தாள்.
இருட்டில் பின்வரிசையிலிருந்து,
மழைக்கு ஒதுங்கியவனாகத்தான் இருக்கவேண்டும்,
ஒரு குரல்: "இல்ல."
"கெடா."
இரண்டு மூன்று பேர்: "இல்ல."
"மலாக்கா."
"இல்ல."
"பெகு."
கூடமே சொன்னது.
சுமை இழுப்பவர்களின் மூச்சுப்போல ஏறி இறங்கியது அந்த "இல்ல".
கேள்விப்பட்டிராத துறைகளையும் சொன்னாள்,
அங்கேயே யோசித்துச் செய்திருப்பாள்.
எதிலும் இல்லை அவன்.
பிறகு சற்று நிறுத்தி,
குரலை இறக்கி,
"ராயபுரம்" என்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தகரக்கூரையில் மழை.
யாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
வாசல் பக்கம் ஒரு தலை திரும்பியது,
அப்புறம் எல்லாத் தலையும்.

மின்சாரம் வந்தபோது
முதலில் கைதட்டியது ஆடிப்போன மின்விசிறிதான்.
வெளிச்சமே இல்லாத நேரத்துக்கும் சேர்த்து
விளக்குக்கு முந்நூறு வாங்கிக்கொண்டார் காவலாளி.

திங்கட்கிழமை,
சேரும் துறை என்ற கட்டத்தின் மேல்
பேனாவைக் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
பிறகு கொழும்பு என்று எழுதினேன்.
கொழும்புக்குத்தான் போகிறது அது.