கூப்பிட்ட குரலுக்கு

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஆய்வுக்கூடத்து இருட்டறையில்
எலியின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த ஒற்றைச் செல்
கண்ணாடித் தட்டில் துடிக்கிறது,
துடிப்புக்கு ஒருமுறை பச்சையாய் மின்னி.
கால்சியம் வந்து போகும் வெளிச்சம் அது.

அட்ரினலின் ஒரு துளி விடுகிறேன்.
வாசலில் நிற்கும் ஏற்பி வாங்கி
உள்ளே இருப்பவனிடம் சொல்கிறது,
அவன் இன்னொருவனிடம்.
ஆள் மாறி ஆள் மாறிச் சேதி
அடிவரை போனதும்
பச்சை இரட்டிப்பாகிறது.
கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பிள்ளை.

நிமலரூபனும் அப்படித்தான்.
ட்ரக் கம்பெனியில் இரவு டிஸ்பாட்சர்.
ரெஜைனா சாலையில் எவன் சறுக்கினாலும்
பிராண்டனில் எவனுக்கு டீசல் உறைந்தாலும்
இரண்டாவது ரிங்குக்குள் எடுத்துவிடுவான்.
வீட்டிலிருந்தாலும்.
பதினான்கு வருடம்.
கணுக்கால் வீங்கியபோது
சப்பாத்தின் குற்றம் என்றான்.

எக்கோ திரையில் அவன் இதயம்
பெரிதாக, தொளதொளவென்று.
இருபத்தெட்டு சதவீதம்.
எலிகளில் நான் எழுதிவந்த அதே கதை:
தளர்ந்த இதயத்தைக் கண்டு பயந்த உடம்பு
இன்னும் சத்தமாய்க் கூப்பிடுகிறது.
கூப்பிடக் கூப்பிடச் செல் தடிக்கிறது;
கருப்பைக் காலத்துப் பாடத்தை
மறுபடி எடுத்து வைத்துப் படிக்கிறது,
பருத்துப் பருத்தே பலம் இழக்கிறது.
கடைசியில் ஏற்பிகளை ஒவ்வொன்றாய்
உள்ளே இழுத்துக்கொண்டு
வாசலை வெறுமையாக்குகிறது.
செவிடன் காதில் சங்கு.
ஊதுகிறவன் நிறுத்துவதில்லை.

இவ்வளவும் தெரிந்த நான்
அந்தச் சப்பாத்தைத் தாண்டித்தான்
தினமும் வேலைக்குப் போனேன்.

டொக்டர் தந்த குளிசை மிளகளவு.
அது இதயத்துக்கு எதையும் ஊட்டாது.
வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
கூப்பிடுகிறவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்க
காதைப் பொத்தும்.
முதல் மாதம் படியேற முடியாமல்
"மருந்தா இது, விலங்கு" என்று என்மேல் எரிந்து விழுந்தான்.
ஆறாம் மாதம் நாற்பத்தொன்று.
ஏற்பிகள் வாசலுக்குத் திரும்பியிருக்கும்.
அவனுக்குள் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்க வழியில்லை,
நம்புகிறேன்.

நேற்றிரவு இரண்டேகாலுக்கு
மேசைமேல் அவன் ஃபோன் அதிர்ந்தது.
மரத்தில் ஊர்ந்து ஊர்ந்து
விளிம்புவரை வந்து நின்றது.
நான் விழித்திருந்தேன்.
அவன் மூச்சைக் கேட்டால் அவனும்தான்.
எந்தப் பனிப்பள்ளத்தில்
எவன் நின்றானோ.

காலையில் கேட்டேன், "யார் கூப்பிட்டது?"
"தெரியாது" என்றான்,
குனிந்து
சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டே.