அறையைச் சுற்றிக் காட்டவும்

இரவு ஒன்பதரைக்கு வகுப்பு.
எங்கள் காம்பராவில் சிக்னல் ஒரு கோடு,
கொழுந்து மடுவத்தில் மூன்று.
அதனால் தராசுக்குக் கீழே
உரச்சாக்கு விரித்து நான்கு மாதம் உட்கார்ந்தேன்,
பேராதனையில் வாங்கிய பௌதிகப் பட்டத்தோடும்
அட்டைக்காகக் காலில் பூசிய சவர்க்காரத்தோடும்.

பாடம் எடுப்பவன் டொரண்டோவில்.
என்னைவிட ஆறு வயது சின்னவன்.
அங்கே நடுப்பகல்.
சான்ட்விச் மென்றபடி நிகழ்தகவு சொல்வான்.
"கேமராவப் போடுங்க மிஸ்."
போட்டால் டேட்டா கரையும்.
ஒரேயொரு நாள் போட்டேன்.
"பின்னால தொங்குறது என்ன?"
தராசுக் கொக்கி.

அளவு அ. அளவு ஆ.
எது பெரிது?
இல்லை, இரண்டும் சமமா?
இல்லை, தந்த தகவலால் தீர்மானிக்க முடியாதா?
அந்தக் கடைசி விடையைத்தான்
நான் எப்போதும் தவறவிடுகிறேனாம்,
மாதிரித் தேர்வின் அறிக்கை சிவப்பில் சொன்னது.

தவறாதா பின்னே?
பகலில் இதே கொக்கியில்
அம்மா தொங்கவிடுவது இருபத்தொன்று,
சிட்டையில் விழுவது பதினெட்டு.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
இன்னொன்று எதற்கென்று கேட்டால் நாளைக்கு அதுவும் இரண்டாகும்.
எது பெரிதென்று தெரியாத ஓர் அளவை
இந்த மடுவத்தில் நான் பார்த்ததே இல்லை.

சொற்பட்டியலில் ஆயிரம் சொல்.
முந்நூற்றுப் பதினொன்றாவது, 'ப்ளக்'.
பறிப்பது. அது தெரியும்.
இரண்டாவது பொருள்: துணிச்சல்.
அம்மாவிடம் சொன்னேன்.
ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்,
"அதுக்குக் கிலோவுக்கு எவ்வளவாம்?"

'விதரிங்' என்றால் பேக்டரி மாடியில் இலை வாடுமிடம்.
பட்டியலிலோ, ஆளைக் கூனவைக்கும் பார்வை.
வாக்கியத்தில் அமைத்துக் காட்டச் சொன்னான்.
எழுதி, அழித்தேன்.
யாருடைய பார்வை என்று கேட்பான்.

கட்டணம் டொலரில்.
ரிஸ்மினாவின் நானா கார்டில் கட்டினார்.
மாதம் பத்தாயிரமாகத் தீர்க்கிறேன்,
இரண்டு தவணை பிந்திவிட்டது, அவர் கேட்கவில்லை.

கொழும்புக்குப் போய் எழுதலாம்: பஸ், லொட்ஜ், மாமாவின் முகம்.
வீட்டிலிருந்தே எழுதலாம் என்றும் இருந்தது.
தம்பி மூங்கில் கம்பில் ரவுட்டரைக் கட்டிக்
கூரைக்கு மேல் ஏற்றினான்.
மடுல்சீமைக் காற்றில் அது இருமுறை விழுந்தது.
மூன்றாம் முறை நின்றது.

பிறகுதான் விதிகளை வாசித்தேன்.
தனி அறை.
மூடிய கதவு.
எவரும் நுழையலாகாது, எவர் குரலும் கேட்கலாகாது.

ஒத்திகைக்கு, அக்குறணையிலிருந்து
ரிஸ்மினா கண்காணிப்பாளர் ஆனாள்.
"அறையைச் சுற்றிக் காட்டவும்."
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.
சாமிப்படம். தண்ணீர்க்குடம். தம்பியின் மட்டை.
"கட்டிலுக்குக் கீழே."
உருளைக்கிழங்கு, கத்தி.
"கத்தியா?"
"கவ்வாத்துக் கத்தி."
"வெளியே வைக்கவும்."
"மேலே."
தகரம்.

"அடி, செவரு ஏன் பாதியில நிக்குது?"
நடிப்பை மறந்து, தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கூரை.
சுவர்கள் அதைத் தொடுவதில்லை.
கட்டியவன் கல்லை மிச்சம் பிடித்தானோ,
எங்களுக்கு ரகசியம் எதற்கென்று நினைத்தானோ.
அந்த இடைவெளி வழியாக
காளியாய் அக்காவின் இருமல் வந்தது.
அதன் பின்னால் மூன்றாம் வீட்டுக் குக்கர்.

"இப்ப பேசினது யார்?" ரிஸ்மினா மறுபடி அதிகாரியானாள்.
நான் வாய் திறக்குமுன்
சுவருக்கு மேலிருந்து பதில்:
"ஏம்புள்ள, சோதனைய பத்து மணிக்கு வைய்யி.
நாங்க பூரா மலையில கெடப்போம்."

செவ்வாய், காலை பத்து. அழுத்திவிட்டேன்.
அழுத்திய பிறகுதான் தோன்றியது:
மழை இறுகினால் அரைப்பேரோடு ஆட்களை அனுப்பிவிடுவார்கள்.
தேதி ஒக்டோபரில்.

அவர்களுக்கு முழுப்பேர் விழவேண்டும்,
எனக்கு இரண்டு மணிநேரம் ஓர் அறை வேண்டும்.
இப்போதைக்கு இரண்டும் ஒரே வேண்டுதல்.

காளியாய் அக்கா இன்னும் இருமுகிறாள்.
நான் பதினான்காம் கேள்வியில் இருக்கிறேன்.