பின்னுக்கு ஆரு?

பதினொரு வெற்றி என்று பேப்பரில் போட்டார்கள்.
நான் எண்ணினால் பத்து வரும். சில நாள் பன்னிரண்டு.

பேப்பர் சேர்க்காத முதல் ஓட்டம் டச்பார் மணலில்.
மூன்றே மூன்று வாகனம்.
ஒன்று ஏசண்டு துரையுடையது,
ஒன்று காத்தான்குடி மீன் லொறி, பின்பெட்டியைக் கழற்றிவிட்டு வந்தது,
அன்றைக்கும் சூடை நாற்றம் போகவில்லை.
எங்களுடையது ஒஸ்ரின். அரைவாசி ஒஸ்ரின்.
மற்ற அரைவாசி கோட்டைமுனைப் பட்டறையில்
கிளமென்ற் ரொசைரோவின் சம்மட்டிக்குப் பிறந்தது.
பரிசு ஒரு சேவல்.
கறியாக்க மனம் வராமல் ஒரு மாதம் வைத்திருந்தோம்.

நான் வெள்ளக்குட்டி. இடப்பக்கத்துச் சீற்.
பெற்றோலுக்குக் கைப்பம்பு அடிப்பது,
வளைவில் வெளியே தொங்கிக் காரை நிலத்தோடு அழுத்துவது,
எல்லாவற்றுக்கும் மேலே பின்னுக்குப் பார்ப்பது.
அவருக்கு முன்னுக்குக் கிடக்கும் றோட்டு மட்டும்தான்.
முழங்கையால் என் விலாவில் இடிப்பார்:
பின்னுக்கு ஆரு?
அவர் தொடையில் ஒரு தட்டு என்றால் ஒருத்தரும் இல்லை.
இரண்டு என்றால் வாறான், மிதி.

திருகோணமலையில் ஒரே நாளில் இரண்டு கப்.
நுவரெலியா மலையேற்றத்தில் குளிர்;
பெனியனுக்கு மேலே யூரியாச் சாக்கு அல்ல, அரிசிச் சாக்குத்தான்,
யூரியா அப்போது ஏது.
கொழும்பில் பிறேக் அறுந்து, கொடியைத் தாண்டி,
வெற்றிலைக் கடைக்குள் போய் நின்றோம்.
கடைக்காரன் காசு கேட்கவில்லை, கை கொடுத்தான்.

பேப்பர்க் கணக்கில் ஒன்பதாவது, தியத்தலாவை.
காலையில் பதுளைப் பொடியன் ஹீன்பண்டாவும் நானும்
ஒரு பீடியை மாறி மாறி இழுத்தோம்.
அவன் ஹார்க்னஸ் துரையின் இடப்பக்கத்துச் சீற்.
அவனுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் அதிலும் கொஞ்சம்.
சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினான். நீலம்.
நானும் தூக்கிக் காட்டினேன்.

கடைசிச் சுற்று.
அவர்களுடைய கார் எங்கள் பின்சில்லை முகர்ந்துகொண்டு வந்தது.
இரண்டு தட்டு. இரண்டு. இரண்டு.
யூக்கலிப்டஸ் மரத் திருப்பத்தில் அது புழுதிக்குள் போனது.
புழுதிக்கு மேலே முதலில் தெரிந்தது சில்லு,
வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.
முழங்கை வந்தது.
ஒரு தட்டுத் தட்டினேன்.
பொய்யில்லைத்தானே. ஒருத்தரும் வரவில்லை.

கொடி விழுந்த பிறகு சொன்னேன்.
கப்பைக் கொதிதாச்சி பிடிக்கிறமாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பேப்பரில் துரையின் கை முறிந்தது ஆறு வரி.
கூட இருந்தவரும் இறந்தார், அது அரை வரி.
பெயர் இல்லை.

மறுகா இரண்டு ஓட்டம் ஓடினார், இரண்டும் வெற்றி.
அதுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது.
இரண்டிலும் அந்த முழங்கை வரவில்லை.
என் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன்.

இப்போது மட்டக்களப்பு கல்முனை பஸ்.
அவர் ஓட்டுகிறார், நான் பின்மிதியில் ரிக்கற் கிழிக்கிறேன்.
ஒரு கப்பில் சில்லறை. ஒன்றில் மகள் டோரின் பட்டன் போட்டுவைக்கிறாள்.
தியத்தலாவைக் கப் எங்கே என்று நான் கேட்டதில்லை.
கல்லடிப் பாலத்தில் சைக்கிள்காரர் எங்களை முந்துகிறார்கள்.
"என்னகா இது, பிரேத ஊர்வலமா?" என்பாள்
ஆரையம்பதிக் கீரைக்காரி. "இவர் சம்பியனாம்!"

நேற்றுப் பெரியகல்லாற்றில் பஸ் நகர்ந்தபிறகு
தூரத்தில் ஒரு தலை தெரிந்தது.
மணிக்கயிற்றை ஒருதரம் இழுத்தேன்.
பஸ்ஸில் ஒன்று என்றால் நில்.
நின்றார்.
பதினாலு வருசத்துக்குப் பிறகு முன்னாலிருந்து குரல் வந்தது:
பின்னுக்கு ஆரு?

ஒரு பொடியன், மேஸ்திரியார். ஓடி வாறான்.

எஞ்சினை நிற்பாட்டினார்.
கீரைக்காரி ஏசத் தொடங்கினாள்.